கொம்புக்கல் நடந்த கதை

தோரிபியோ சமார்ரிபா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டில் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிடுவார். சாவு வீட்டில் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருப்பார். பூசையில் பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்கினால் இவர் மெல்ல நழுவி வெளியே போய், கழுதையின் சேணத்தை அவிழ்த்து மறுபடி கட்டுவார். நாற்காலி போட்டுக் கொடுத்தால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசுவார்.

"உங்கம்மா உங்களை எறும்புப் புத்துமேலயே பெத்துப் போட்டாங்களா என்ன?" என்று நான் கேட்பேன்.

"உக்காந்தா அப்புறம் எந்திரிக்கணுமே ஒதிலியா. அதுக்கு நின்னுக்கிட்டே இருந்துடலாம்" என்று சிரிப்பார். சிரிக்கும்போதும் கண் வேறெங்கோ இருக்கும்.

அது ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது. தெரிந்த அன்று என் கையில் பீன்ஸ் கிண்டுகிற இரும்புக் கரண்டி இருந்தது. அவரை அதால் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. நல்ல குணத்தால் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், எட்டவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் லா நோரியா. அப்படியென்றால் கிணறு. பெயர் வைத்த புண்ணியவானுக்கு நக்கல் அதிகம் போலிருக்கிறது, எங்களுக்குக் கிணறே கிடையாது. அவர் ஊர் எல் சௌஸ், எங்களுக்கு வடக்கே. இரண்டுமே மெக்சிகோவின் வடக்கே, கோவாயிலாவின் முள்ளுக்காட்டில் ஆடு மேய்த்து, மெழுகுச்செடி பிடுங்கிக் காய்ச்சிப் பிழைக்கிற ஊர்கள். நிலம் ஊருக்கே பொது, தனிச்சொத்து கிடையாது. அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சுனை இருக்கிறது. கோடையிலும் வற்றாத ஒரே தண்ணீர் அதுதான். சுனை எல்லைக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்த ஊருக்குச் சொந்தம்.

எல்லை என்பது ஒரு கல். நாங்கள் அதைக் கொம்புக்கல் என்போம். இடுப்பு உயரம், அடியில் பருத்து நுனியில் கூராகி, ஒரு பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். அறுபது வருடத்துக்கு முன் பெரிய பண்ணைகளை உடைத்து ஊர்களுக்கு நிலம் கொடுத்தபோது அரசாங்க ஆள் ஒருவன் பத்திரத்தில் எழுதினான்: 'தரையிலேயே முளைத்து நிற்கும், கொம்பு போன்ற கறுப்புக் கல்லிலிருந்து மேற்கு மலை முகடு வரை.' அந்தக் கல் எங்கே இருக்கிறது, ஓடைப் பக்கமா சுனைப் பக்கமா, அதை எழுதவில்லை. வெயில் தாங்கவில்லையோ என்னவோ.

ஐம்பத்தேழாம் ஆண்டுப் பஞ்சத்தில் எனக்கு எட்டு வயது. மழை கேட்டு எங்கள் ஊர் முழுவதும் புனித இசிதோரைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றி வந்தோம். மழை வரவில்லை. திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து ஆடுகளைச் சுனைக்கு ஓட்டிப்போனால், எல் சௌஸ்காரர்கள் வேலி போட்டு நிற்கிறார்கள். சுனை அவர்களுடையதாம். கொம்புக்கல் சுனைக்குத் தெற்கே நிற்கிறது, எங்கள் பக்கம். எங்கள் கிழவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். கல் ஓடைக்கரையில் அல்லவா இருந்தது, சுனைக்கு வடக்கே இருநூறு தப்படி தள்ளி! பட்டணத்திலிருந்து அதிகாரி வந்தான். பத்திரத்தைப் படித்தான். கல்லைப் பார்த்தான்.

"ஏன்யா, கல்லு என்ன நடக்குமா?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினான்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அது ஒரு பேச்சாகிவிட்டது. யாராவது நம்ப முடியாத எதையாவது சொன்னால், கல்லு நடக்குமா என்போம். கிழவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். பிற்பாடு பிறந்தவர்கள் பத்திரத்தை நம்பினார்கள். நான்கூட நம்பினேன். நாங்கள் ஒன்பது கிலோமீட்டர் போய்க் கழுதைமேல் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தோம். என் அண்ணன் பொன்சியானோவின் அறுபது ஆட்டில் பதினொன்று மிஞ்சியது.

இப்போது தோரிபியோவுக்கு வருகிறேன். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு ஒரு நாள், எங்கள் அண்ணன் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பாறையருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். எல் சௌஸ் ஆடுகள் எல்லாம் குடித்து முடித்த அந்தி நேரம். தோரிபியோ வந்து வேலியில் மூன்று முள்கம்பியை அவிழ்த்திருக்கிறார். "ஓட்டிட்டு வா. சீக்கிரம்." அடுத்த நாளும் அப்படியே. வருடக்கணக்காக அப்படியே. அவர் ஊர்க்காரர்கள் அவரைத் திட்டினார்கள், ஒருமுறை தலையில் கல்லடியும் பட்டது. நிறுத்தவில்லை.

எங்களுக்கு அவர் தெய்வமாகிவிட்டார். அண்ணனுக்கு மகன் பிறந்ததும், ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்க அவரைத்தான் கேட்டான். அவர் முகம் வெளுத்துப்போனது எனக்கு நினைவிருக்கிறது. கூச்சம் என்று நினைத்தோம். அன்றிலிருந்து இருவரும் கொம்பாத்ரே ஆனார்கள், பிள்ளையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் அழைக்கிற முறை அது. எங்கள் வழக்கப்படி, அதுவரை நீ நான் என்று பேசியவர்கள்கூட அந்த உறவு வந்துவிட்டால் நீங்கள் என்றுதான் பேசவேண்டும், சண்டை போடக்கூடாது, ஒருவருக்கொருவர் பொய் சொல்லக்கூடாது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நான் ஒரு வட்டு ஆட்டுப்பால் சீஸ் செய்து, துணியில் சுற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அவர் வாசலில் நின்றபடியே ஒரு துண்டு வாயில் போட்டு, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்பார். சரியாக விழுங்கக்கூட மாட்டார்.

கொம்புக்கல்லுக்கும் ஒரு சடங்கு இருந்தது. மே மூன்றாம் தேதி, சிலுவைத் திருநாளன்று, இரண்டு ஊரும் அங்கே கூடி அதற்குச் சுண்ணாம்பு அடித்து, காகிதப் பூச் சுற்றிய மரச்சிலுவையை நட்டுவைத்துக் கும்பிடுவோம். எல்லையைச் சாமியிடம் ஒப்படைத்த மாதிரி. சுண்ணாம்பு அடிப்பவர் எப்போதும் தோரிபியோதான். வேறு யாரையும் விடமாட்டார். முப்பத்தெட்டு வருடச் சுண்ணாம்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கல் ஒரு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியாகியிருந்தது. அது கறுப்புக் கல் என்பதே எங்களுக்கு மறந்துபோனது.

தொண்ணூற்றைந்தாம் வருடம் இரண்டு கூட்டம் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஒன்று, நிலத்தை அளந்து சான்றிதழ் கொடுக்கும் அரசாங்கக் கூட்டம். செயற்கைக்கோளைப் பார்த்துப் புள்ளி குறிக்கிற கருவி வைத்திருந்தார்கள். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை கொம்புக்கல்லில் அளவு. இரண்டு ஊர்த் தலைவர்களும் கையெழுத்துப் போட்டால் எல்லை அதோடு முடிந்தது, அப்புறம் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. எல் சௌஸுக்கு அந்த வருடத் தலைவன் தோரிபியோவின் மகன் அபுந்தியோ. எங்களுக்கு என் அண்ணன்.

இன்னொன்று எலும்புக் கூட்டம். முந்தின வருட வெள்ளத்தில் ஓடைக்கரை இடிந்து கல்லாகிப்போன பழங்காலத்து எலும்பு தெரிகிறது என்று யாரோ சொல்ல, சால்தியோ பட்டணத்திலிருந்து அதை ஆராய்கிற டாக்டர் மரிசேலா என்ற பெண்ணும் நான்கு மாணவர்களும் வந்து கூடாரம் அடித்தார்கள். சமைக்க நான். வழிகாட்டவும் தோண்டவும் தோரிபியோ, ஏனென்றால் அந்தப் பக்கத்துக் கல் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்று பிறகு தெரிந்தது.

முதல் மூன்று நாள் அவர் அவர்களை ஓடைக்கே விடவில்லை.

"இங்க ஒண்ணுமில்ல டாக்டரம்மா. அந்தக் குன்று இருக்கு பாருங்க, அங்கதான் பெருசு பெருசா கெடக்கு."

குன்றில் ஆமை ஓடு ஒன்று கிடைத்தது. நான்காம் நாள் டாக்டரம்மா ஓடைக்கே திரும்பினாள். அவர் கடப்பாரையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே பின்னால் வந்தார்.

தோண்டத் தோண்டப் பெரிய டைனோசர் தலையொன்று வந்தது, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கிளி மூக்கு மாதிரி வாய். கழுத்துக்குப் பின்னால் முறம்போல் விரிந்த எலும்பு. கண்ணுக்கு மேலே ஒரு கொம்பு, மண்ணுக்குள் கீழ்நோக்கி, என் கையைவிட நீளம்.

"இது ஆளத் திங்குமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, செடிதான். இலை, தண்டு, பனைக்குருத்து மாதிரி" என்றான் ஒரு மாணவன்.

"இவ்ளோ பெரிய கொம்ப வெச்சுக்கிட்டு இலையா? எங்க வீட்டுக் கிடாவேதான். அதுவும் எல்லாரையும் முட்டும், திங்கறது என்னமோ தழைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். தோரிபியோவும் சிரித்திருப்பார், மற்ற நாளாக இருந்தால். அவர் மண்டியிட்டு, தூரிகையால் தலையின் மேல்பக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். திடீரென்று கை நின்றது. பிறகு அந்த இடத்தில் மண்ணைத் திரும்பப் போட ஆரம்பித்தார்.

"என்ன செய்றீங்க ஐயா? விடுங்க, விடுங்க!" டாக்டரம்மா ஓடிவந்தாள்.

மற்ற கண்ணுக்கு மேலே இருந்த கொம்பின் வேர் அது. கொம்பு இல்லை, ஒடிந்திருந்தது. அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒடிந்த முகத்தைப் பார்த்தாள்.

"இது பழைய முறிவு இல்ல. ஓரமெல்லாம் இன்னும் கூரா இருக்கு, உள்ள பளபளன்னு இருக்கு. இதோ, துரு. இரும்பு பட்டிருக்கு. இத யாரோ ஒடச்சிருக்காங்க. நம்ம காலத்துலதான். அப்பன்னா மீதி இங்கதான் எங்கயோ இருக்கணும்!"

அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். இரண்டு ஊருக்கும் சொல்லியனுப்பினாள்: இடுப்பு உயரம், அடி பருத்து நுனி கூராய், கொஞ்சம் வளைந்த கறுப்புக் கல்லை யாராவது பார்த்தீர்களா? ஊரே தேடியது. சுவர்களில் பார்த்தார்கள், அடுப்பில் பார்த்தார்கள், கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்த கல்லை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடாரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், காகிதப் பூவும் சிலுவையுமாகக் கொம்புக்கல் வெள்ளைவெளேரென்று நின்றது. பெயரிலேயே கொம்பு. ஒரு ஆளுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான். நாங்கள் கும்பிடுகிற பொருளை யார் தொலைந்த பொருள் என்று தேடுவார்கள்?

அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அளவு. சனிக்கிழமை தலையைப் பட்டணத்துக்கு ஏற்றிவிடுவார்கள். தோரிபியோ நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் மண்ணோடு மண். அந்த நான்கு நாளும் அந்த மனிதர் பட்ட பாட்டை நான் பார்த்தேன், காரணம் தெரியாமல்.

விறகு கேட்காமலே விறகு வெட்டிப் போட்டார். குடத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும்போதே கொட்டிவிட்டு மறுபடி போய் மொண்டு வந்தார். உலர்ந்த இறைச்சியும் முட்டையும் வதக்கி ரொட்டியில் சுருட்டிக் கொடுத்தேன், ஒரு கடி கடித்துவிட்டு நாய்க்குப் போட்டார்.

"என் சமையல் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. நாய்கிட்ட சொல்லியனுப்பாதீங்க" என்றேன்.

"ஒதிலியா" என்றார். அப்புறம் ஏதோ சொல்ல வந்தவர், "உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார்.

புதன்கிழமை உச்சிவெயிலில் எல்லோரும் நிழலில் கண்ணயர்ந்தபோது, அவர் பெரிய சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கொம்புக்கல் பக்கம் போவதைப் பார்த்தேன். அளவுக்காரர்களுக்கு முளை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கல் முன்னால் நின்றார். சம்மட்டியை ஓங்கினார். இறக்கினார். கல்லில் படவில்லை, தரையில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். அந்தக் கொளுத்துகிற வெயிலில் அரை மணி நேரம் தலையில் துணியில்லாமல் நின்றார். திரும்பி வரும்போது, "சாமி கும்பிடப் போனீங்களா, சண்டை போடப் போனீங்களா?" என்று கேட்டேன். சம்மட்டியைக் கூடாரத்தில் சாத்திவிட்டு விறகு பிளக்கப் போனார்.

வியாழக்கிழமை தலைக்குக் கட்டுப்போட்டார்கள். ஈரக் காகிதத்தை ஒட்டி, அதன்மேல் சாக்குத்துணியைச் சுண்ணச்சாந்தில் முக்கி முக்கிச் சுற்றினார்கள், எலும்பு முறிந்த காலுக்குப் போடுகிற கட்டு மாதிரியே. ஒடிந்த வேரை மட்டும் அளவெடுக்க வேண்டுமென்று டாக்டரம்மா மூடாமல் விட்டிருந்தாள். சாந்து குழைத்தவர் தோரிபியோ. மாலையில் என் அண்ணன் அவரைப் பார்க்க வந்தான்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன் கொம்பாத்ரே. வேற என்ன செய்யறது. பத்திரம் அப்படித்தான் இருக்கு. உங்க மகன் தலைவனா இருக்கறப்போ முடியுதே, அது ஒரு ஆறுதல்."

தோரிபியோ கையில் சாந்து இறுகிக்கொண்டிருந்தது. அதைக் கழுவக்கூட இல்லை.

"கொம்பாத்ரே, நீங்க போடலன்னா?"

"போடலன்னா? நீங்க வேலிய அவிழ்த்து விடுவீங்க, நான் ஆட்ட ஓட்டுவேன். போட்டாலும் அதேதான். எனக்கு எல்லை கல்லுல இல்ல கொம்பாத்ரே, உங்க மனசுலதான் இருக்கு" என்றான் அண்ணன்.

நல்ல வார்த்தை என்றுதான் சொன்னான். அந்த மனிதரை அது சம்மட்டியாய் அடித்திருக்கும் என்று எனக்கு இப்போது புரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு ஊரும் கொம்புக்கல்லைச் சுற்றிக் கூடியது. நான் பீன்ஸ் அண்டாவை அங்கேயே கொண்டுவந்து மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தேன், கையெழுத்து முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு. அளவுக்காரப் பொறியாளர் இளம்பையன், மூக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. கருவியை முக்காலியில் ஏற்றிவிட்டுப் பத்திரத்தைச் சத்தமாகப் படித்தான்.

"தரையிலேயே முளைத்து நிற்கும், கொம்பு போன்ற கறுப்புக் கல்... கறுப்பா? இது வெள்ளையால்ல இருக்கு?"

"சாமிக்கு அடிச்ச சுண்ணாம்பு தம்பி. உள்ள கறுப்புதான்" என்றான் அபுந்தியோ.

எல்லோரும் சிரித்தார்கள். பையன் பேனாவை நீட்டினான். அபுந்தியோ போட்டான். பேனா என் அண்ணன் கைக்கு வந்தது. அவன் கண்ணுக்குக் கிட்டே காகிதத்தைக் கொண்டுபோய், எங்கே போடுவது என்று தேடினான்.

"போடாதீங்க" என்றார் தோரிபியோ.

கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னால் வந்தார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். அபுந்தியோ, "அப்பா, என்ன இது?" என்றான். அவர் கல்லுக்கு அருகே போய், சிலுவையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தார். பாளம் பாளமாக உதிர்ந்தது. உள்ளே கறுப்பு. நீளவாக்கில் ஓடுகிற வரி. டாக்டரம்மா கையிலிருந்த காப்பிக் குவளை கீழே விழுந்தது.

"அது முளைச்ச கல்லு இல்ல. அதுக்கு வேர் இல்ல. வேர் அந்த ஓடையில இருக்கு" என்றார். குரல் சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் நிமிர்ந்தார்.

"கல்லு நடக்குமான்னு கேட்டாங்கல்ல? நடந்துச்சு. நான்தான் நடத்திக் கூட்டிட்டு வந்தேன். எனக்கு அப்போ பத்தொம்பது வயசு. லா நோரியாக்காரங்க சாமியத் தூக்கிக்கிட்டு மலையச் சுத்தப் போயிருந்தீங்க. நானும் எங்கப்பாவும் ரெண்டு கோவேறு கழுதைய வெச்சுச் சங்கிலி போட்டு இழுத்தோம். முழுசா வரும்னு நெனச்சோம், டப்புனு ஒடிஞ்சிது. இங்க குழி தோண்டி நட்டோம். மண்ணு புதுசா தெரியக்கூடாதுன்னு ஆட்ட விட்டு மிதிச்சோம். சாகறவரைக்கும் சொல்லாதேன்னு எங்கப்பா சத்தியம் வாங்கினாரு. அவரு செத்தாரு. நான் சாகல."

அண்டாவில் பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, நான் கிண்டவில்லை. என் தலைக்குள் ஒன்றுதான் ஓடியது. சீஸ். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வெயிலில் நடந்து கொண்டுபோய்க் கொடுத்த சீஸ். எங்கள் தண்ணீரையே எங்களுக்குத் தானமாக ஊற்றியவனுக்கு நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறோம். கரண்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி வைத்தேன், நடுவில் கூட்டம் நின்றது.

அபுந்தியோ அப்பனின் காலடியில் துப்பினான். "வெயில் ஏறிப்போச்சு இவருக்கு. உளர்றாரு. தம்பி, அளவ எடு."

பொறியாளர் பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டாக்டரம்மாதான் முன்னால் வந்தாள். "உளர்றாரா இல்லையான்னு பாத்துடலாம். கொம்ப எடுத்துட்டுப் போய் வேர்ல வெச்சுப் பாப்போம். பொருந்தலன்னா பொய். பொருந்திடுச்சுன்னா..."

தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் கல் முடிந்துபோனது. வேரில்லை. சாக்கில் கிடத்தி, எங்கள் ஊரில் நாலு பேர், அவர்கள் ஊரில் நாலு பேர், ஒருவரையொருவர் பார்க்காமல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இருநூறு தப்படிக்கும் மேல். பின்னால் எல்லோரும், சவ ஊர்வலம்போல். ஓடையில் கட்டுப்போட்ட தலை வெள்ளையாகக் கிடந்தது. மூடாமல் விட்ட அந்த வேர்மேல் கொம்பை இறக்கி, டாக்டரம்மா கொஞ்சம் திருப்பினாள். 'தக்' என்று உட்கார்ந்தது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. கொம்பில் இருந்த துருக்கோடு, வேரில் இருந்த துருக்கோட்டோடு போய்ச் சேர்ந்தது.

அன்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் டாக்டரம்மாதான். பாவம், முகத்தில் தெரியாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் அந்தக் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேனாவைப் பொறியாளர் பையனின் சட்டைப்பையில் செருகினான், தொப்பியை வைத்தான், தோரிபியோவைத் தாண்டி நடந்தான். "கொம்பாத்ரே" என்று அவர் கூப்பிட்டது காதில் விழுந்ததாகவே காட்டவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் நின்றிருந்தான்.

"அண்ணே, ஏதாவது சொல்லுண்ணே. திட்டவாவது திட்டு."

"அந்தப் பாறைகிட்ட தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு நிப்பேன்டி. ஒரு நாளா ரெண்டு நாளா? அந்தாளு வேலிய அவிழ்க்கறப்போ எனக்குக் கண்ணு கலங்கும். இவ்ளோ நல்லவனான்னு." அவ்வளவுதான் சொன்னான்.

எல்லை ஓடைக்குத் திரும்பியது. பத்திரத்தில் முளைத்த கல் என்று இருக்கிறதே, முளைத்த இடம் இதுதான் என்று தலையே கிடந்து சாட்சி சொன்னது. அபுந்தியோ மூன்று வாரம் முரண்டு பிடித்துக் கடைசியில் புதுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். அப்பனோடு பேச்சை நிறுத்தினான். எல் சௌஸில் யாரும் தோரிபியோவுக்கு முகம் கொடுக்கவில்லை, அவர் மனைவி மௌரா கடைக்குப் போனால் கடைக்காரி கதவைச் சாத்தினாள். எங்கள் ஊர்க்கூட்டத்தில், அவர்கள் ஆடும் குடிக்கட்டும், ஆனால் நம் ஆடு குடித்த பிறகு என்று முடிவானது. அதைச் சொன்னவன் அண்ணன்.

அன்றிலிருந்து அந்தி நேரத்தில், ஓடைப் பக்கம் மாறிய வேலிக்கு அப்பால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தோரிபியோ நின்றார். அண்ணன் கம்பியை அவிழ்ப்பான். அவர் ஆடுகள் உள்ளே ஓடும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அக்டோபர் போனது, கிறிஸ்துமஸ் போனது. எனக்கே பொறுக்கவில்லை.

"இன்னும் எத்தன நாள் இப்படி?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"நான் நன்றி சொன்ன நாளையெல்லாம் அவரு திருப்பித் தந்துடட்டும்" என்றான்.

ஈஸ்டர் ஞாயிறு வந்தது. முதல்முறையாக நான் சீஸ் செய்யவில்லை. கைதான் பழக்கத்தில் பாலைத் தேடியது, அதட்டி உட்காரவைத்தேன். பகல் பதினொரு மணிக்கு வாசலில் நிழலாடியது. தோரிபியோ. எல் சௌஸிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், சட்டை நனைந்திருந்தது. கையில் துணியில் சுற்றிய ஒரு வட்டு.

"நானே செஞ்சேன். மௌரா செய்றேன்னா, வேணாம்னுட்டேன்."

வாங்கவும் மனமில்லை, முகத்தில் எறியவும் மனமில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவர் முன்னால் தடாலென்று போட்டேன். உபசாரம் இல்லை, கோபம்தான். அவர் வழக்கம்போல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் உள்ளேயிருந்து வந்தான். துணியைப் பிரித்தான். சீஸ் ஒரு பக்கம் சரிந்து, கோணலாக, பார்க்கவே சகிக்கவில்லை. கத்தியால் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு மெதுவாக மென்றான். தோரிபியோ அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் விழுங்கினான்.

"உப்பு அதிகம் கொம்பாத்ரே" என்றான்.

தோரிபியோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியே, முழுப் பாரத்தோடு. அழுதார். நான் ரொட்டி சுடப் போனேன். திரும்பி வரும்போதும் உட்கார்ந்துதான் இருந்தார்.